வெல்டர் அறுத்த மரம்

அந்தக் கல்லூரியின் உயிரியல் ஆய்வகத்துக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது மைக்ராஸ்கோப்பும் இல்லை, ஜாடிக்குள் சுருண்டு கிடக்கிற பாம்பும் இல்லை. எதிர்ச்சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற இரும்பு மரம். ஐந்து அடி அகலம், ஆறு அடி உயரம். கீழே ஒரே தண்டாகக் கிளம்பி, ஆறு இடத்தில் இரண்டிரண்டாகப் பிரிந்து, மேலே ஏழு நுனிகளில் முடியும். நுனிக்கு ஒன்றாகத் தகரத்தில் வெட்டிய உருவங்கள். இடப்பக்கத்திலிருந்து மீன், தவளை, பல்லி, முதலை, புறா, எலி, கடைசியில் மனிதன். மனிதன் மட்டும் மற்ற ஆறு பேரையும்விட ஒரு சாண் உயரம். அவனுக்குத் தங்க நிறப் பெயிண்டு. மூக்குக்குக் கீழே முறுக்கிவிட்ட மீசை.

அந்த மீசைக்குச் சொந்தக்காரர்தான் மரத்தைச் செய்தவர். பதிவேட்டில் அவர் ஆய்வக உதவியாளர். ஆனால் பிரின்சிபால் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் வெல்டர். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்காக ஆளைக் குறைத்து எடை போட்டுவிட வேண்டாம். பத்து வயதில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டியவர், பதினாறில் வெல்டிங் பட்டறைக்குப் போனார். இருபத்தெட்டு வயதில் இந்தக் கல்லூரி கேட்டை நிமிர்த்தி வைக்க ஒருநாள் வேலைக்கு வந்தவரை, அந்த வேலையைப் பார்த்த அப்போதைய பிரின்சிபால் போக விடவில்லை. கேட் இன்றைக்கும் நிற்கிறது. லாரி இடித்தது, லாரிக்குத்தான் முகம் நசுங்கியது.

"நான் வெல்டு வச்சா ஆடாது, அசையாது. நான் செத்தப்புறமும் அசையாது" என்பார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார்.

அந்த மரம் அவருடைய உயிர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பேராசிரியர் கரும்பலகையில் பரிணாம மரம் போட்டுப் போட்டு அழிப்பதைப் பார்த்து, "எதுக்கு சார் தினம் கஷ்டப்படுறீங்க, ஒரே தடவையில செஞ்சு மாட்டிடுறேன்" என்று செய்துகொடுத்தது. உயிர்கள் எல்லாம் எப்படி ஒரே அடியிலிருந்து கிளம்பிக் கிளம்பிப் பிரிந்து வந்தன என்று காட்டுகிற படம் அது. எது எங்கே பிரிகிறது என்று பேராசிரியர் சொன்னார். அழகு எல்லாம் வெல்டருடையது. பாடம் யார் எடுத்தாலும் சரி, இந்தக் கல்லூரியில் உயிரியல் படித்த ஒவ்வொரு பிள்ளையும் தன் மரத்தைப் பார்த்துத்தான் கற்றது என்பது அவர் கணக்கு. பஸ்ஸில் ஒரு டாக்டரைப் பார்த்தால்கூட, "அவரு நம்ம மரத்துல படிச்சவரு" என்று பக்கத்து ஆளிடம் சொல்வார்.

ஓய்வு பெற ஐந்து வாரம் இருந்தது. பிரின்சிபால் ஒரு பெரிய காரியம் செய்வதாகச் சொல்லியிருந்தார். வழியனுப்பு விழா அன்று அந்த மரத்தை ஆய்வகத்திலிருந்து பெயர்த்து, கல்லூரி முகப்புக் கூடத்தில் பொருத்தி, கீழே அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு வைப்பது. தகட்டை யாரோ கடையில் செய்ய விடுவாரா அவர்? தானே பித்தளை வாங்கி, தானே எழுத்து வெட்டி, தேய்த்துப் பளபளப்பாக்கி, மேஜை டிராயரில் துணி சுற்றி வைத்திருந்தார். பிரின்சிபால் வாக்குக் கொடுத்த மறுநாளே தகடு தயார்.

அப்போதுதான் புது மேடம் வந்து சேர்ந்தாள்.

முப்பது வயதுகூட இருக்காது. வேகமாக நடப்பாள், வேகமாகப் பேசுவாள், எழுதி முடிப்பதற்குள் சாக்பீஸ் இரண்டாக உடையும். வந்த இரண்டாவது வாரத்தில் வகுப்புக்கு ஒரு சின்னப் பரீட்சை வைத்தாள். நாற்பது பேர். அதில் ஒரு கேள்வி: தவளைக்கு அதிக நெருக்கமான உறவு மீனா, மனிதனா?

விடைத்தாள்களைத் திருத்திவிட்டு ஆய்வகத்துக்கு வந்தவள், நேராக மரத்தின் முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள். வெல்டர் கண்ணாடித் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். யார் மரத்தைப் பார்த்தாலும் அவர் கிட்டே வந்துவிடுவார். பாராட்டை நேரில் வாங்கிக்கொள்வது வழக்கம்.

"எப்படி மேடம்? பேச்சே வரலையா?"

"அண்ணா, இதை யாரு செஞ்சா?"

"மனுஷன் மூஞ்சியைப் பாருங்க. அப்புறம் என் மூஞ்சியைப் பாருங்க."

அவள் சிரிக்கவில்லை. "நாப்பது பேருல முப்பத்தொரு பேரு தவளைக்கு மீன்தான் நெருக்கம்னு எழுதியிருக்காங்க. எல்லாரும் ஒரே தப்பு. எங்கேருந்து வருதுன்னு யோசிச்சிட்டே வந்தேன். இங்கேருந்துதான் வருது."

"தப்பா? தவளை தண்ணியில இருக்கு, மீனும் தண்ணியில இருக்கு. பின்ன என்ன, நானா தண்ணியில இருக்கேன்?"

"விரலை வச்சுப் பாருங்க." அவள் தவளை நுனியில் ஒரு விரலையும் மீன் நுனியில் ஒரு விரலையும் வைத்து, கம்பி வழியாகக் கீழே இறக்கினாள். இரண்டு விரலும் அடித்தண்டுக்கு மேலே, முதல் பிரிவில்தான் சந்தித்தன. "இது முதல் கணு. தவளையும் மீனும் இங்க வந்துதான் சேருது. இப்போ தவளையும் மனுஷனும்." மறுபடி இறக்கினாள். விரல்கள் அதற்கு முன்னாலேயே, ஒரு கணு மேலேயே சேர்ந்துவிட்டன. "சேர்ற கணு எவ்வளவு சீக்கிரம் வருதோ அவ்வளவு நெருக்கம். தவளைக்கு நீங்கதான் நெருக்கம், மீன் இல்ல."

"அப்போ தவளை எனக்குப் பங்காளியா?"

"ஆமா. ரொம்ப தூரத்துப் பங்காளி. மீன் அதைவிடத் தூரம்."

"நல்லா இருக்கு மேடம். இத்தனை நாள் தெரியாம பங்காளியைப் பிடிச்சு ஜாடியில போட்டுட்டேன்."

இப்போது அவளும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. "உங்க மரத்துல பிரிவு ஒண்ணுகூடத் தப்பு இல்லண்ணா. எல்லாம் சரி. பசங்க கணுவைப் பாக்குறதில்ல, மேல யாரு பக்கத்துல யாரு நிக்கிறான்னு பாக்குறாங்க. மீன் பக்கத்துல தவளை. அதனால சொந்தம்."

"அப்போ பசங்களைத் திருத்துங்க. என் மரத்தை ஏன் திருத்துறீங்க?"

"இது அசையலையே! கணு திரும்பணும். இந்தக் கணுவைப் பிடிச்சு அரைச்சுத்து திருப்பினா தவளை அந்தக் கோடிக்குப் போயிடும், மனுஷன் மீன் பக்கத்துல வந்து நிப்பான். அப்பவும் இது இதே மரம்தான், உறவு ஒண்ணும் மாறாது. அது இவங்களுக்குப் புரியவே மாட்டேங்குது. ஏன்னா இருபத்திரண்டு வருஷமா அவங்க பாக்குறது வெல்டு வச்ச கணு."

வெல்டர் கையிலிருந்த கண்ணாடித் தகடு நழுவித் தொட்டியில் விழுந்தது. உடையவில்லை, அது வேறு விஷயம்.

"இன்னொண்ணு. மனுஷனை ஏன் ஒரு சாண் மேல தூக்கி வச்சிருக்கீங்க? ஏழும் இன்னைக்கு உயிரோட இருக்கிறதுதான். எல்லாம் ஒரே மட்டத்துல முடியணும். இதைப் பார்த்து, மரம் மனுஷனை உண்டாக்கத்தான் வளர்ந்துச்சுன்னு ஒருத்தன் எழுதியிருக்கான்."

"அவன் புத்திசாலி" என்றார் வெல்டர்.

"முகப்புல கொண்டு போய் வைக்கப் போறாங்களாமே. வேண்டாம்னு அடுத்த வாரம் பிரின்சிபால்கிட்டச் சொல்லப் போறேன் அண்ணா. உங்ககிட்ட முதல்ல சொல்லிடணும்னுதான் வந்தேன்."

அன்று மத்தியானம் வெல்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, அப்படியே வைத்துவிட்டார். ஐந்தாம் வகுப்பு ஆளைப் பார்த்து எவ்வளவு தைரியம்! எத்தனை பேராசிரியர்கள் அந்த மரத்தடியில் நின்று போட்டோ எடுத்திருக்கிறார்கள்! நேற்று வந்த பெண், கையில் வெல்டிங் கண்ணாடிகூடப் பிடித்திருக்க மாட்டாள். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். கால் நிற்கிற ஆளில்லை அவர். சும்மா இருந்தால் கை அரிக்கும், கை அரித்தால் கால் ஓடும்.

நடந்தவர் சட்டென்று நின்றார். பேச்சு எதற்கு, சோதித்துப் பார்த்துவிடலாமே. வராந்தாவில் வந்த ஒரு மாணவியை நிறுத்தினார்.

"ஏம்மா, தவளைக்கு மீன் நெருக்கமா, மனுஷன் நெருக்கமா?"

"மீன்தான் அண்ணா."

"எப்படிச் சொல்ற?"

"நீங்கதானே பக்கத்துல வச்சிருக்கீங்க."

அவளை அனுப்பிவிட்டு அடுத்தவனைப் பிடித்தார். அவனும் மீன் என்றான். "உங்க மரத்துல அப்படித்தான் இருக்கு அண்ணா" என்று பெருமையாக வேறு சொன்னான். மூன்றாவது ஆள், நான்காவது ஆள். நூலகப் படியில் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தை மொத்தமாகக் கேட்டார். "எலிக்கு யாரு நெருக்கம்டா, புறாவா பல்லியா?" "புறா!" என்றார்கள் கோரஸாக. எலியிடமிருந்து பார்த்தால் புறாவும் பல்லியும் ஒரே கணுவில்தான் வந்து சேர்கின்றன. செய்தவருக்குத் தெரியாதா? இரண்டும் ஒரே தூரம். புறா எலிக்குப் பக்கத்தில் நிற்கக் காரணம், சுவரில் அங்கேதான் இடம் இருந்தது.

சாயந்திரத்துக்குள் இருபத்தாறு பேரைக் கேட்டுவிட்டார். இருபத்தொரு பேர் தப்பு. ஒவ்வொருவரும் சாட்சி சொன்னது அவர் மரம். "நம்ம மரத்துல படிச்சவங்க" என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டாரே, ஆமாம், நன்றாகத்தான் படித்திருக்கிறார்கள்! இருபத்திரண்டு வருஷம், வருஷத்துக்கு நாற்பது பேர். பஸ்ஸில் பார்த்த அந்த டாக்டரும்கூட.

வீட்டுக்குப் போனவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, முகம் இப்படித் தொங்குது? தகட்டுல எழுத்து தப்பா வெட்டிட்டீங்களா?"

"தகட்டுல தப்பு இல்ல. மரத்துலதான்."

"உங்க வாயில இருந்து 'தப்பு'ங்கிற சொல்லு வருதா? இருங்க, ஜன்னலைச் சாத்திடுறேன். பக்கத்து வீட்டுல கேட்டுடப் போகுது."

அவர் விஷயத்தைச் சொன்னார். தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அவள் பாதி கேட்டுவிட்டு, "பக்கத்துல நிக்கிறவங்க எல்லாம் சொந்தமா? பஸ்ஸுல என் பக்கத்து சீட்டுல உக்காந்தவரு எனக்கு என்ன வேணும்?" என்றாள்.

"அதைத்தான் அந்த மேடமும் சொல்லுது."

"அப்போ அது சரியாத்தானே சொல்லுது? நீங்க ஏன் குதிக்கிறீங்க?"

அவருக்கு உட்காரவும் முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடியில் மச்சினன் வைத்திருக்கும் சைக்கிள் கடைக்குப் போனார். மனைவியின் தம்பி. இவர் கையைப் பிடித்துத் தொழில் கற்றவன் இல்லை. அதை அவன் வாரம் ஒருமுறை நினைவுபடுத்துவான். அன்று ஒரு சைக்கிளைக் கயிற்றில் தொங்கவிட்டு முன்சக்கரத்தைக் கழற்றியிருந்தான்.

"வாங்க மாமா. மரம் எப்படி இருக்கு? இன்னும் காய்க்கலையா?"

வெல்டரின் கண் சைக்கிளில் இருந்தது. மச்சினன் ஹேண்டிலைத் தட்டினான். சக்கரம் இல்லாத முன்கவை சத்தமே இல்லாமல் அரைச்சுற்று திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்தது. இடது கவை வலதுக்கு வந்தது, வலது இடதுக்குப் போனது. சைக்கிள் அதே சைக்கிள்.

"மாப்ளே, இன்னொரு தடவை தட்டு."

"எதுக்கு?"

"தட்டுடா!"

தட்டினான். ஹேண்டில் திரும்புகிற கழுத்துக்குள்ளே என்ன இருக்கிறதென்று பத்து வயதிலிருந்து அவருக்குத் தெரியும். மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம், நடுவில் கிரீஸில் உருளும் குண்டுகள். ஓட்டுகிறவனின் பாரம் முழுக்கத் தாங்கும், ஆனாலும் ஒரு விரலுக்குத் திரும்பும்.

"பழைய சைக்கிள் கழுத்து ஆறு வேணும். முழுசா, கிண்ணத்தோட."

"ஆறா? என்ன மாமா, ஓய்வு பெத்துட்டு எனக்குப் போட்டியா கடை வைக்கப் போறீங்களா?"

"கடை வச்சா நீ தாங்குவியா? எடுத்து வை."

ஞாயிற்றுக்கிழமை காலையில், வாட்ச்மேனிடம் சாவி வாங்கி ஆய்வகத்தைத் திறந்தார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார்கள். மரத்தைச் சுவரிலிருந்து பெயர்க்கவே பத்து மணியாகிவிட்டது. தன் வேலை என்பதால் அத்தனை உறுதி, தன்னையே திட்டிக்கொண்டார். முற்றத்தில் கிடத்தி, அறுக்கும் இயந்திரத்தை எடுத்து, முதல் கணுவின் மேல் வைத்தவர், ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டார். அந்த வெல்டு மணிமணியாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு துரும்பு துரு இல்லை. இந்த மாதிரி வெல்டு இன்றைக்கு எவன் வைக்கிறான்?

பிறகு அறுத்தார். தீப்பொறி பறந்து செருப்பில் விழுந்தது. ஆறு கணுவையும் அறுத்து முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மரம் ஏழு கம்பியும் சில துண்டுகளுமாகத் தரையில் கிடந்தது.

அந்த நேரம் பார்த்தா பிரின்சிபால் வர வேண்டும்! ஏதோ கோப்பு எடுக்க வந்தவர், முற்றத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னய்யா இது? யாரு செஞ்சது?"

"நான்தான் சார்."

"முகப்புக்குப் போற மரமய்யா! இருப்புப் பதிவேட்டுல ஏறின பொருள்! ஓய்வு பெறப் போற நேரத்துல உமக்கு என்ன ஆச்சு?"

"இது பசங்களைக் கெடுக்குது சார். நல்லாக் கெடுக்குது. நான் செஞ்சது எதையுமே அரைகுறையாச் செய்யாது."

"விழாவுக்குள்ள இது பழையபடி நிக்கலைன்னா, உமக்கு மாலை போடுற கையாலேயே விளக்கம் கேட்டு ஓலை குடுக்க வேண்டியிருக்கும். தகடும் கிடையாது. விளையாட்டு இல்லை."

"பழையபடி நிக்காது சார். தொங்கும்."

பிரின்சிபால் அவரைப் பார்த்துவிட்டு, கோப்பை எடுக்காமலே போய்விட்டார்.

சுவரோடு ஒட்டி நின்றால் கணு சுற்ற இடமில்லை. ஆனால் தொங்கும் என்று சொல்வது சுலபம். ஆய்வகக் கூரையில் பழைய மின்விசிறி மாட்டிய கனத்த கொக்கி ஒன்று இருந்தது. அதில் கயிறு போட்டுத் தானே ஊஞ்சலாடிப் பார்த்தார்; தாங்கியது. வேர் மேலே, நுனி கீழே. கணுவுக்குக் கணு ஒரு சைக்கிள் கழுத்து. அடுத்த பத்து நாள் வேலை நேரம் முடிந்ததும் அதே வேலை. குறுக்குக் கம்பிகளைச் சிறிதாக்கினார். கிரீஸ் தடவினார். மேடம் தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். பதினோராம் நாள் முதல்முறையாகத் தூக்கி மாட்டினார்.

மரம் சாய்ந்தது. முதல் கணுவின் ஒரு பக்கம் தனி மீன், மறுபக்கம் ஆறு உருவமும் ஐந்து சைக்கிள் கழுத்தும். மீன் கூரையைப் போய் முட்டியது. மனிதன் தரையில் கிடந்தான், மீசை நசுங்கி.

வாசலில் நின்ற மேடம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிங்க மேடம், சிரிங்க. காசா பணமா?"

"இல்லண்ணா… மீன் பறக்குது."

"பறக்காது. இறக்குறேன் பாருங்க."

கொக்கி மாட்டுகிற இடத்தைக் கனத்த பக்கத்துக்குத் தள்ளினார். பாதி சரியானது. மீதிக்கு, மீனின் வயிற்றின் மேல் இன்னொரு தகரம் வைத்து இரட்டையாக்கி, உள்ளே இரும்புச் சாமான்களை நிரப்பினார். நட்டு, போல்ட்டு, உடைந்த கீல், மச்சினன் கொடுத்த தேய்ந்த பல்சக்கரம். உலகத்தில் எந்தக் கடலிலும் அவ்வளவு கனமான மீன் கிடையாது. இன்னும் கொஞ்சம் போதவில்லை. ஒரு கைப்பிடி கனம். ஆய்வகத்தை முழுக்கத் தேடினார். பிறகு டிராயரைத் திறந்து துணியைப் பிரித்தார். பித்தளைத் தகடு. அதைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். கனம் சரியாக இருக்கும்போலத் தோன்றியது.

"அது உங்க பேரு போட்ட தகடுல்ல?" என்றாள் மேடம்.

"பித்தளை மேடம். தகரத்தைவிட நல்ல கனம்."

மடித்து மீனின் வயிற்றுக்குள் தள்ளி, ஓரத்தைப் பற்றவைத்து மூடினார். மரம் மட்டத்துக்கு வந்து நின்றது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. மனிதனின் கம்பி மற்றவற்றைவிட ஒரு சாண் நீளம். இப்போது அவன் ஒரு சாண் கீழே தொங்கினான். "அதுவும் நல்லாத்தான் இருக்கு, எல்லாருக்கும் கீழே" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்த ஒரு சாணையும் அறுத்தார். ஏழும் ஒரே மட்டம். மீசையை மட்டும் நிமிர்த்திவிட்டார். அதை யாரும் தப்பு என்று சொல்லவில்லையே!

வழியனுப்பு விழாவுக்கு முந்தின நாள் வகுப்பு நடந்தது. பிரின்சிபாலும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார், கையில் ஒரு உறையோடு. அதற்குள் ஓலை இருக்கிறதா வேறென்ன இருக்கிறதா என்று வெல்டருக்குத் தெரியாது. அவர் உட்காரவில்லை. கதவு நிலையில் சாய்ந்தார், நிமிர்ந்தார், கையைக் கட்டினார், பிரித்தார். நாற்பது தலைகளும் மேலே பார்த்தன.

"தலைகீழா மாட்டிட்டாரு" என்று ஒருவன் சொன்னது கேட்டது.

"மரம் எந்தப் பக்கம் பார்த்தாலும் மரம்தான்" என்றாள் மேடம். "இப்போ மீன் பக்கத்துல யாரு?"

"தவளை."

அவள் இரண்டாவது கணுவுக்குக் கீழே கம்பியைப் பிடித்து லேசாகத் தள்ளினாள். கிண்ணத்துக்குள் குண்டு உருண்டது, சத்தமில்லை. ஆறு உருவங்களும் ஒன்றாகக் கிளம்பி, பல்லி ஒரு பெஞ்சுக்கு மேலே போய், புறா ஜன்னல் வெளிச்சத்தில் மின்னி, அரைச்சுற்று சுற்றி நின்றன. தவளை அந்தக் கோடியில். மீனுக்கு அருகே, தங்க நிறத்தில், மீசையோடு மனிதன்.

வகுப்பு சிரித்தது.

"இப்போ மீன் பக்கத்துல யாரு?"

"வெல்டரண்ணா!"

"சரி, அவர் மீனுக்குச் சொந்தமாயிட்டாரா? எந்தக் கணுவாவது பிரிஞ்சுதா? சேர்ந்துதா?"

சிரிப்பு அடங்கியது. முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். வராந்தாவில் அவர் முதலில் நிறுத்திக் கேட்டவள். எக்கி நின்று தவளையில் ஒரு விரலும் மனிதனில் ஒரு விரலும் வைத்து, எட்டாத இடத்துக்கு மேலே கண்ணாலேயே ஏறினாள். "ரெண்டும் ரெண்டாவது கணுவுல சேருது. தவளையும் மீனும் இன்னும் மேல, முதல் கணுவுலதான் சேருது. அப்போ தவளைக்கு மனுஷன்தான்… முன்னாடியும் அப்படித்தான் இருந்துச்சா?"

"எப்பவும் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் மேடம்.

"அப்போ ஏன் எங்களுக்குத் தெரியலை?"

மேடம் பதில் சொல்வதற்குள் கதவருகிலிருந்து குரல் வந்தது. "நான் வெல்டு வச்சிருந்தேன்மா. என் வெல்டு அசையாது."

பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு கணுவாகத் திருப்பினார்கள். முதலை இந்தப் பக்கம், புறா அந்தப் பக்கம். முதலைக்குப் பல்லியைவிடப் புறாதான் நெருக்கம் என்று ஒருவன் தானே கண்டுபிடித்து, கண்டுபிடித்ததை நம்ப முடியாமல் இரண்டு தடவை மேடத்திடம் கேட்டான். பிரின்சிபால் எழுந்து வந்து, யாரும் பார்க்காத நேரத்தில் எலியை ஒருமுறை சுற்றிவிட்டுப் பார்த்தார். கையிலிருந்த உறையை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"முகப்புக் கூடத்துல இதைத் தொங்கவிட முடியாதே வெல்டர். அங்க கொக்கி இல்லை."

"இது இங்கதான் சார் இருக்கணும். முகப்புல வந்து யாரு கணுவைத் திருப்பப் போறா?"

"தகடு?"

"மீனைக் குலுக்கிப் பாருங்க சார். உள்ள நான்தான் கிடக்கேன்."

மறுநாள் மாலை போட்டார்கள், கைதட்டினார்கள், ஒரு சால்வையும் போர்த்தினார்கள். வெல்டர் மேடையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். பேசச் சொன்னதும் தன் வாழ்க்கையைப் பத்து வயதிலிருந்து ஆரம்பித்து, கேட்டில் மோதிய லாரி வரை வந்து, அரை மணி நேரத்துக்குப் பிறகு பிரின்சிபால் மெதுவாக மைக்கை வாங்க வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று: "அசையாது" என்ற சொல் அன்று முழுக்க அவர் வாயில் வரவில்லை. மனைவி மட்டும் கவனித்தாள்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வேலை இல்லாத ஆள், கையில் கிரீஸ் டப்பாவோடு ஆய்வக வாசலில் நின்றார். மேடம் விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணா, வீட்டுல இருக்க முடியலையா?"

"நாலாவது கணு கொஞ்சம் இறுக்கமா இருக்கு. அன்னைக்கே பாத்தேன்." ஸ்டூலில் ஏறினார். கையெல்லாம் கிரீஸ். கண் விடைத்தாளில். "மறுபடி பரீட்சை வச்சீங்களாமே."

"வச்சேன். அதே கேள்வி, வேற உயிரு. முப்பத்தொரு பேரு சரி."

"போன தடவை முப்பத்தொரு பேரு தப்பு."

"ஆமா. இப்போ அப்படியே திரும்பிடுச்சு. சந்தோஷம்தானே?"

வெல்டர் நாலாவது கணுவைத் தட்டிப் பார்த்தார். முதலையும் புறாவும் பல்லியும் இழுபறி இல்லாமல் சுற்றி வந்தன. அவர் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை.

"நாப்பதுல முப்பத்தொண்ணு போனா ஒன்பது."

"ஒன்பது பேரு எப்பவும் இருப்பாங்க அண்ணா."

"என் மரத்துல அப்படி இருக்கக் கூடாது மேடம்" என்றார் அவர், கிரீஸ் டப்பாவை மூடியபடி. "யாரு யாரு, எந்த இடத்துல தப்புனாங்கன்னு சொல்லுங்க. எந்தக் கணு சரியாத் திரும்பலைன்னு பாக்கணும்."